முத்துலட்சுமியின் அப்பா வீட்டில் என்ன செய்தார்?

நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

போன மாதம் ஓபி-யில ஒரு அம்மா, எட்டாம் வகுப்பு வயசுப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அசதி, தலைசுற்றல். ஹீமோகுளோபின் 8.4. மாத்திரை எழுதிக்கிட்டே வழக்கம்போல, "எந்த ஸ்கூல்மா?"ன்னு கேட்டேன். அம்மா முந்திக்கிட்டாங்க. "இப்ப ஸ்கூல் போறதில்ல டாக்டர். ஹோம் ஸ்கூலிங்."

கும்மிடிப்பூண்டி பக்கத்து அரசு மருத்துவமனையில உக்காந்துக்கிட்டு இந்த வார்த்தையை அன்னைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். இங்க எனக்குப் பழக்கமான வார்த்தை "நின்னுட்டா". படிப்பு நின்னுடுச்சு, அவ்வளவுதான்.

அடுத்து அவங்க கேட்டதுதான் இந்த த்ரெட்டுக்குக் காரணம். "ஸ்கூல்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க. உடம்பு சரியில்ல, வீட்டுலதான் இருக்கணும்னு ஒரு சர்ட்டிபிகேட் குடுங்க டாக்டர்."

தர முடியாதுன்னு சொன்னேன். அந்த ஹீமோகுளோபினுக்கு வேண்டியது மாத்திரையும் முருங்கைக்கீரையும். பள்ளியை விட்டு நிக்கிறது அதுக்கு வைத்தியம் இல்ல. ஆனா வெறும் "முடியாது"ன்னு அனுப்பினா அவங்க வேற எங்கயாவது அந்தக் காகிதத்தை வாங்கிடுவாங்கன்னு தெரியும். அதனால ஒரு பேரம் பேசினேன். "வீட்டுல எப்படிப் படிக்கப் போறான்னு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு அடுத்த வாரம் அவ அப்பாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. நான் பாக்குறேன்."

நான் வாத்தியார் இல்ல. நோட்டைப் பார்த்து என்ன சொல்றதுன்னு அப்போ எனக்கே தெரியாது. அந்த ஒரு வாரம் வீட்டுக்கல்வி பத்திக் கொஞ்சம் படிச்சேன். அதைத்தான் உங்ககிட்ட சொல்லப் போறேன். (குடும்பத்தின் அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் எழுதுறேன்.)

வீட்டுல படிக்கிறது அமெரிக்காவுல இருந்து வந்த புது ஃபேஷன்னு நினைக்கிறீங்களா? நம்ம ஊர்ல 200 வருஷத்துக்கு முன்னாடியே அதுக்குக் கணக்கு எடுத்திருக்காங்க.

1822-ல மெட்ராஸ் மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ (தீவுத்திடல் பக்கத்துல குதிரை மேல உக்காந்திருக்காரே, அவரேதான்) எல்லாக் கலெக்டர்களுக்கும் கடிதம் அனுப்பச் சொன்னார். உங்க மாவட்டத்துல எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைங்க, என்ன சாதி, ஆண் எத்தனை, பெண் எத்தனைன்னு கேள்வி. பதில் எல்லாம் வந்து சேர சில வருஷம் ஆச்சு. 1826 மார்ச்ல மன்றோ அதைத் தொகுத்து ஒரு குறிப்பு எழுதினார். ஏறக்குறைய 1 கோடியே 28 லட்சம் மக்கள் இருந்த மாகாணத்துல 12,498 பள்ளிகள். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி.

பள்ளின்னா கட்டடம்னு நினைச்சுக்காதீங்க. பெரும்பாலும் யாரோ ஒருத்தர் வீட்டுத் திண்ணை. மணல்ல விரலால எழுதி, அப்புறம் ஓலையில எழுத்தாணி பிடிச்சு, எண்சுவடியை ராகம் போட்டு ஒப்பிச்சு, விடியற்காலையில ஆரம்பிக்கிற படிப்பு. பெரிய பையன் ஒருத்தன் சட்டாம்பிள்ளையா இருந்து சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் குடுப்பான். ஆண்ட்ரூ பெல்னு ஒரு பாதிரியார் 1789-ல எழும்பூர்ல ராணுவ ஆதரவற்றோர் விடுதியைப் பார்த்துக்க வந்தார். இங்க பிள்ளைங்க மணல்ல எழுதுறதைப் பார்த்துத் தன் விடுதியில அதைப் பயன்படுத்தினார். பையனுக்குப் பையனே சொல்லிக் குடுக்கிற முறையையும் அங்க நடத்திப் பார்த்தார். ஊருக்குத் திரும்பி 1797-ல புத்தகம் போட, அது "மெட்ராஸ் முறை"ங்கிற பேர்ல இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் பரவிச்சு. சரி, இது கிளைக்கதை.

மன்றோ குறிப்புல என்னைப் பிடிச்சு நிறுத்தின விஷயம் வேற. மெட்ராஸ் நகரத்துல மட்டும் "வீட்டில் கற்போர்" எத்தனை பேர்னு தனியா ஒரு எண் வந்திருக்கு. 26,900-க்கும் மேல. அதே நகரத்துப் பள்ளிகள்ல படிச்சவங்களைப் போல அஞ்சு மடங்குக்கும் அதிகம். மன்றோவே இதை நம்பல. இந்த எண்ணுல ஏதோ தவறு இருக்கும்னு எழுதுறார். ஆனாலும் சொந்தக்காரங்க இல்லன்னா தனி ஆசிரியர் வீட்டுலயே பையன்களுக்குச் சொல்லிக் குடுக்கிற வழக்கம் மாகாணத்துல எல்லாப் பக்கமும் இருக்குன்னு ஒத்துக்கிறார்.

"பையன்களுக்கு"ங்கிறதைக் கவனிங்க.

மாகாணப் பள்ளிகள்ல இருந்த பிள்ளைங்க மொத்தம் 1,88,650. அதுல பெண்கள் 4,540. நூத்துக்கு மூணு பேர் கூட இல்ல. வீட்டுல எழுத்து தெரிஞ்ச ஒருத்தர் இருந்தாத்தான் வீட்டுக்கல்வி நடக்கும். அதனால சாதி அடுக்குல கீழே தள்ளப்பட்ட வீடுகளுக்கு அது கணக்குலயே வராது. "அந்தக் காலத்துல எல்லாரும் வீட்டுலயே படிச்சு மேதையானாங்க"ன்னு வாட்ஸ்அப்ல வந்தா, யார் வீட்டுலன்னு ஒரு கேள்வி கேட்டுடுங்க.

இப்போ தலைப்புக்கு வர்றேன்.

எங்க ஓபி-க்கு வர்ற கர்ப்பிணிகள் எல்லாருக்கும் ஒரு பேர் தெரியும். "முத்துலட்சுமி பணம் ஏறிடுச்சா டாக்டர்?" டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். பிக்மி நம்பர் இருக்கா, வங்கிக் கணக்கு சரியான்னு பார்த்து அனுப்புறது எங்க அன்றாட வேலை. பணத்துக்கு முன்னாடி இருக்கிற அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் யாருன்னு கேட்டா, பல பேருக்கு "யாரோ பழைய மந்திரி"தான். (இன்னொரு பக்கம், "இந்தியாவின் முதல் பெண் டாக்டர்"னு ஃபார்வர்டு சுத்துது. அதுவும் தப்பு. சென்னை மருத்துவக் கல்லூரியில 1875-லயே மேரி ஷார்லீப் உட்பட நாலு பெண்கள் சேர்ந்துட்டாங்க.)

முத்துலட்சுமி 1886 ஜூலை 30-ல புதுக்கோட்டையில பிறந்தாங்க. அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வரா இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபுக் குடும்பம். இந்தக் கல்யாணத்துக்காக அப்பா தன் சொந்தக்காரங்களை இழந்தவர். பொண்ணு பள்ளிக்குப் போனாள். பதிமூணு வயசு வாக்குல, அந்தக் கால வழக்கப்படி, பெரியவளானதும் பள்ளியில இருந்து நிறுத்திட்டாங்க.

இதே வரியை நான் என் ஓபி-யில எத்தனை தடவை கேட்டிருக்கேன் தெரியுமா? பதினேழு வயசுல கர்ப்பமா வர்ற பொண்ணுகிட்ட, சட்டப்படி செய்ய வேண்டியதை எல்லாம் செஞ்சிட்டு, மெதுவா "படிப்பை எப்பம்மா விட்ட?"ன்னு கேட்பேன். "பெரியவளான வருஷம்"னு பதில் வரும்.

முத்துலட்சுமி கதை அங்க முடியல. ஏன்னு பாருங்க. வீட்டுலயே பாடம் தொடர்ந்துச்சு. சும்மா "வீட்டுல படிக்கிறா"ன்னு விட்டுடாம, மெட்ரிகுலேஷன்னு ஒரு பரீட்சையை இலக்கா வெச்சிருந்தாங்க. 1902-ல தனித்தேர்வரா எழுதிப் பாஸ் பண்ணினாங்க. பதினாறு வயசு. கல்யாணம் பண்ணி வெச்சிடணும்ங்கிற அழுத்தம் வீட்டுல ஒரு பக்கம் இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு.

அடுத்து ஆண்கள் மட்டுமே படிச்ச மகாராஜா கல்லூரிக்கு விண்ணப்பம். ஒரு பொண்ணு, அதுவும் தேவதாசி மகள், வந்தா பையன்கள் கெட்டுப் போயிடுவாங்கன்னு எதிர்ப்பு. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைத் தள்ளிட்டு 1904-ல அனுமதி குடுத்தார். 1907-ல சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல டாக்டர். அரசு மகப்பேறு மருத்துவமனையில முதல் பெண் ஹவுஸ் சர்ஜன்.

அதாவது வீட்டுல இருந்த காலத்துக்கு ஒரு முடிவுத் தேதி இருந்துச்சு. அப்பா வீட்டுக் கதவைச் சாத்தினார், ஆனா தாழ்ப்பாள் போடல. பள்ளிப் பக்கம் அடைச்ச வழிக்குப் பதிலா கல்லூரிப் பக்கம் வழி போட்டுக்கிட்டே இருந்தார்.

அதே 1886, அடுத்த மாதம், மயிலாப்பூர்ல இன்னொரு பொண்ணு பிறந்தாள். ஆர்.எஸ். சுப்புலட்சுமி. பின்னாடி ஊரே "சிஸ்டர் சுப்புலட்சுமி"ன்னு கூப்பிட்டவங்க. ஒன்பது வயசுல செங்கல்பட்டு மாவட்டத்துக்கே நாலாம் வகுப்புப் பொதுத்தேர்வுல முதலிடம். (நம்ம பொன்னேரி, திருவள்ளூர் எல்லாம் அப்போ அந்தச் செங்கல்பட்டு மாவட்டம்தான். தனி திருவள்ளூர் மாவட்டம் 1997-ல வந்தது.) பிறகு சின்ன வயசுலயே கல்யாணம், கொஞ்ச நாள்லயே புருஷன் இறந்து போனார். வயசுக்கு வர்றதுக்கு முன்னாடியே விதவை.

அவங்க அப்பா சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில உக்கார வைக்கல. வீட்டுல ஆங்கிலம் சொல்லிக் குடுத்தார். கொஞ்சம் தேறினதும் கான்வென்ட்ல சேர்த்தார். அப்புறம் மாநிலக் கல்லூரி. 1911-ல பி.ஏ. மெட்ராஸ் மாகாணத்துல பட்டம் வாங்கின முதல் இந்து விதவை. அடுத்த வருஷமே தன்னை மாதிரிச் சின்ன விதவைப் பெண்களைச் சேர்த்து வெச்சுப் படிக்க வைக்க ஒரு இல்லம் ஆரம்பிச்சாங்க. மெரினா ஐஸ் ஹவுஸ் தெரியும்ல, இப்போ விவேகானந்தர் இல்லம். அங்க பின்னாடி அந்தப் பொண்ணுங்க தங்கிப் படிச்சாங்க.

ரெண்டு பேரும் வீட்டுல படிச்சது ஆசைப்பட்டு இல்ல. ஊர் வெளிய விடல, அதனால வீடு. ரெண்டு பேரும் வளர்ந்ததும் மத்தப் பொண்ணுங்களுக்கு "வீட்டுலயே படிங்க"ன்னு சொல்லல. விடுதி கட்டினாங்க, பள்ளிக்கு அனுப்பினாங்க. முத்துலட்சுமி 1930-ல அவ்வை இல்லம் தொடங்கினாங்க. வீட்டுக்கல்வியில ஜெயிச்சவங்களே ஏன் பள்ளியைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. எனக்குத் தோணுற பதில் எளிமையானது. தன் அப்பா மாதிரி அப்பா எல்லா வீட்டுலயும் கிடைக்க மாட்டார்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

இன்னொரு தகவல். 1920-கள் கடைசியில இந்தியக் கல்வி நிலையை ஆராய ஹார்ட்டாக் குழு போட்டாங்க. அதுல முத்துலட்சுமி உறுப்பினர். 1929-ல வந்த அந்த அறிக்கை திரும்பத் திரும்பப் பேசின விஷயம் "விரயம்". ஒரு குழந்தையைப் பள்ளியில சேர்த்துட்டு, ஆரம்பக் கல்வி முடியுறதுக்குள்ள நிறுத்தினா அது விரயம்னு விளக்கம். படிச்சப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பதிமூணு வயசுல நிறுத்தப்பட்ட ஒரு பொண்ணு, பெரியவங்களா ஆகி, அந்த வார்த்தையை எழுதின மேஜையில உக்காந்திருக்காங்க.

சரி, நோட்டுக்கு வருவோம்.

அடுத்த வாரம் சொன்னபடி வந்தாங்க, அப்பாவோட. சிப்காட்ல ஒரு கம்பெனியில ஷிஃப்ட் வேலை. வாரத்துக்கு வாரம் ஏ, பி, சி-ன்னு மாறும். அம்மா பேக்கிங் வேலைக்குப் போறாங்க. நோட்டு அட்டையில பொண்ணே அழகா "என் வீட்டுப் பள்ளி"ன்னு எழுதி, பூ வரைஞ்சிருந்தாள். உள்ள கால அட்டவணை. காலை 7 முதல் 9 வரை சமையல், தம்பியைப் பள்ளிக்குக் கிளப்புதல். 9 முதல் 10 கணக்கு, அடைப்புக்குள்ள "யூடியூப்". 10 முதல் 11 துணி. அப்புறம் தமிழ். மதியம் அப்பாவுக்குச் சாப்பாடு...

நான் கேட்டது கொஞ்சம்தான். "சொல்லிக் குடுக்கிறது யாரு?" பதில் இல்ல. அப்பா சி ஷிஃப்ட் முடிச்சு வந்து பகல்ல தூங்குறார், அம்மா வீட்டுல இல்ல. "எந்தப் பரீட்சை, எந்த மாசம்?" யோசிக்கல. "தம்பி ஏன் ஹோம் ஸ்கூலிங் இல்ல?" அப்பா தரையைப் பார்த்தார்.

ஹோம் ஸ்கூலிங் தப்புன்னு நான் சொல்ல வரல. என்கூடப் படிச்ச ஒரு டாக்டர் தன் பையனை வீட்டுலதான் படிக்க வைக்கிறாங்க. அதுக்காக அவங்க தன் வேலையையே பாதியாக் குறைச்சுக்கிட்டாங்க. பையன் படு சுட்டி. சட்டமும் இதுல தெளிவா இல்ல. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல வீட்டுக்கல்விங்கிற வார்த்தையே கிடையாது. பத்தாவது பிரிவு, 6 முதல் 14 வயசுப் பிள்ளையைப் பள்ளியில சேர்க்கிறது பெற்றோர் கடமைன்னு சொல்லுது, ஆனா சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனைன்னு எதுவும் வைக்கல. இந்த இடைவெளியிலதான் நம்ம நாட்டு வீட்டுக்கல்வி நடக்குது.

பரீட்சைக்கு வழி இருக்கு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புக்குத் தனித்தேர்வு நடத்துது, பன்னிரண்டரை வயசு முடிஞ்சா எழுதலாம். 1989-ல தொடங்கின தேசியத் திறந்தவெளிப் பள்ளியில 14 வயசு முடிஞ்சா பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். திறந்தவெளிப் பள்ளியில படிச்சவங்க டாக்டராக முடியாதுன்னு ஒரு விதி இருந்துச்சு. 2018-ல டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. 1902-ல முத்துலட்சுமி எழுதின தனித்தேர்வோட பேரப்பிள்ளைங்கதான் இதெல்லாம்.

ஆனா அரசுப் பள்ளியில படிக்கிற ஒரு பொண்ணை வீட்டுல வெச்சா எதை எல்லாம் இழக்குறீங்கன்னு யாரும் சொல்றதில்ல. அதை நான் அந்த அப்பாகிட்ட விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்குக் காலேஜ்ல மாசம் 1,000 ரூபாய் வர்ற புதுமைப் பெண் திட்டம். அந்தத் திட்டத்துக்கு முழுப் பேர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேர்ல இருக்கு, அவங்களும் தேவதாசி ஒழிப்புக்குப் போராடினவங்கதான். மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான். நடுவுல விட்டா ரெண்டும் போச்சு.

என் துறைக் கணக்கும் ஒண்ணு உண்டு. மதிய உணவு, அதுல முட்டை. வாரத்துக்கு ஒரு இரும்புச்சத்து மாத்திரை. வருஷத்துக்கு ரெண்டு தடவை பூச்சி மாத்திரை. கண்ணு, பல்லு, இதயம் பார்க்க வர்ற மருத்துவக் குழு. வளரிளம் பெண்களுக்கு நாப்கின். இது எல்லாம் வர்ற வழி பள்ளிக்கூடம். பள்ளியை விட்ட பொண்ணுக்கு மாத்திரை அங்கன்வாடியில கிடைக்கும், ஆனா போய்க் கேட்கணும். இந்தப் பொண்ணு கேட்கல. பள்ளியை விட்டு ஏழு மாசம். இன்னைக்கு ஹீமோகுளோபின் 8.4. ஏழு மாசத்துக்கு முன்னாடி எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது, அதனால பள்ளியை விட்டதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா என் கண் முன்னாடி இருக்கிறது அதுதான்.

அப்புறம் நான் முதல்லயே செஞ்சிருக்க வேண்டியதைச் செஞ்சேன். பொண்ணுகிட்ட கேட்டேன்.

"எனக்கு ஸ்கூல் போகணும் டாக்டர். அந்த பஸ்தான் வேணாம்."

அவ்வளவுதான் விஷயம். ஷிஃப்ட் விடுற நேரமும் பள்ளி விடுற நேரமும் ஒண்ணு. பஸ்ல நிக்க இடம் இருக்காது. கூட்டத்துல யாரோ ஒருத்தன் கை. ரெண்டு தடவை. அம்மாகிட்ட சொல்லியிருக்காள். அம்மா அப்பாகிட்ட பாதிதான் சொல்லியிருக்காங்க. இறங்கினா கண்டெய்னர் லாரி ஓடுற ஜிஎன்டி ரோட்டைக் கடக்கணும். அவங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச ஒரே பாதுகாப்பு வீடு. அதுக்கு ஒரு நல்ல பேர் வேணும்னு போன்ல தேடினப்போ ஹோம் ஸ்கூலிங்னு கிடைச்சிருக்கு.

அந்த அப்பா கெட்டவர் இல்ல. பஸ் விஷயம் முழுசாத் தெரிஞ்சதும் கண் கலங்கிட்டார். நான்தான் முதல் நாள் மனசுக்குள்ள அவரைத் திட்டி வெச்சிருந்தேன். மாத்திரை எழுதுறதுக்கு முன்னாடியே "ஏன் நின்ன?"ன்னு அந்தப் பொண்ணையே கேட்டிருந்தா ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். கல்வி உரிமைச் சட்டத்தோட நாலாம் பிரிவை அவங்களுக்குச் சொன்னேன். நடுவுல நின்ன பிள்ளையை வயசுக்கேத்த வகுப்புல திரும்பச் சேர்த்து, விட்ட பாடத்துக்குத் தனிப் பயிற்சி குடுக்கணும். புதுசா பயப்பட எதுவும் இல்ல. பஸ்ல நடந்ததுக்கு 1098-க்குப் போன் பண்ணலாம்னு நம்பரை நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதிக் குடுத்தேன். போலீஸ்கிட்ட போறதைப் பத்தியும் பேசினோம்.

இரும்பு மாத்திரை ஒரு மாசத்துக்குக் குடுத்திருக்கேன். சர்ட்டிபிகேட் குடுக்கல. அதே தெருவுல இருந்து அதே பள்ளிக்குப் போற இன்னும் மூணு பொண்ணுங்க இருக்காங்களாம். நாலு பேரும் சேர்ந்து ஒரு ஷேர் ஆட்டோ பேசலாம்னு அந்த அம்மா சொன்னாங்க. அப்பாவுக்கு வர்ற வாரம் பி ஷிஃப்ட், அதனால திங்கட்கிழமை காலையில அவரே கூட்டிக்கிட்டுப் போய்த் தலைமை ஆசிரியரைப் பார்க்கிறதாச் சொல்லியிருக்கார்.

ஆட்டோக்காரர் மாசத்துக்கு எவ்வளவு கேட்கிறார்னு இன்னும் பேசி முடிக்கல.